இடது தோளுக்கு ஒரு துவக்கு

துசியந்தி பத்மநாதனிடம் கார் ஓட்டப் பழகிய பெண்கள் கிழக்கு லண்டனின் குட்மேய்ஸில் தெருவுக்கு ஒருவராவது இருப்பார்கள். வீட்டில் கணவனிடம் பழகப் போய்ச் சண்டையில் முடித்துக்கொண்டவர்கள், இரண்டு மூன்று தரம் சோதனையில் தவறியவர்கள், ஐம்பது வயதில் முதல்முறை ஸ்டியரிங்கைப் பிடித்தவர்கள் என்று எல்லாரும் கடைசியில் துசியந்தியிடம் வந்து சேர்வார்கள். அவர் சத்தம் போடமாட்டார். காரில் ஏறியதும் யாரும் சாவியைத் தொடக்கூடாது என்பது மட்டும் அவருடைய கண்டிப்பு. முதலில் இருக்கையைச் சரிசெய்ய வேண்டும், பிறகு கண்ணாடிகளை. "கார் உங்களுக்குப் பொருந்தோணும். நீங்கள் காருக்குப் பொருந்தப் பாக்காதேங்கோ" என்பார்.

சனிக்கிழமை காலையில் அவர் பாடம் எடுப்பதில்லை. அன்றைக்கு அவர் எசெக்ஸ் காடுகளுக்கு மான் வேட்டைக்குப் போகிறார் என்பது மாணவிகளில் சிலருக்குத்தான் தெரியும். தெரிந்தவர்கள் முதலில் நம்பவில்லை.

அது தொடங்கியது ஒரு விபத்தில். சாருஜா என்ற தாதிப் பெண் சோதனைக்கு முன்னர் கிராமத்து வீதிகளில் ஓடிப் பழக வேண்டும் என்று கேட்டதால், துசியந்தி அவளை எசெக்ஸில் ஓங்கர் என்ற ஊரையும் தாண்டிக் கூட்டிப் போயிருந்தார். வளைவொன்றில் வேலியைத் தாண்டி ஒரு மான் பாய்ந்தது. துசியந்தி தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்தும் பயனில்லை. அடிபட்ட மான் வீதியோரப் புல்லில் கிடந்தது. பின்கால்கள் இரண்டும் முறிந்திருந்தன. எழும்புவதற்காக அது முன்கால்களால் மண்ணைக் கிண்டிக்கொண்டே இருந்தது. சாருஜா அழுதாள். துசியந்தி பொலிசுக்குத் தொலைபேசி எடுத்தார்.

பொலிசார் பக்கத்துக் கிராமத்தில் இருந்த ஒருவரை அனுப்பினார்கள். அவர் பெயர் கொலின். வேட்டைத் துவக்குகள், அதாவது வேட்டைத் துப்பாக்கிகள், செய்பவர், வீட்டுக்குப் பின்னால் பட்டறை வைத்திருந்தார். இப்படியான வேளைகளில் பொலிஸ் கூப்பிடும் ஆட்களில் அவரும் ஒருவர். பெண்கள் இருவரையும் அந்தப் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னார். சாருஜா திரும்பினாள். துசியந்தி திரும்பவில்லை. ஒரு வெடி. மண்ணைக் கிண்டிய கால்கள் நின்றன. கொலின் குனிந்து மானின் கண்ணை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "முடிந்துவிட்டது, இனி அதற்கு நோவில்லை" என்றார்.

துசியந்தி பதினெட்டு வயதில் யாழ்ப்பாணத்தை விட்டு வந்தவர். துவக்கு என்றால் என்னவென்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ஒரு துவக்கு நோவை நிறுத்தியதை அவர் அன்றைக்குத்தான் கண்டார். அது அவர் மனதை விட்டுப் போகவில்லை. பிறகு ஒருநாள் கொலினுக்குத் தொலைபேசி எடுத்து, இதையெல்லாம் ஒரு பெண் பழக முடியுமா என்று கேட்டார். எசெக்ஸில் மான்கள் அளவுக்கு மீறிப் பெருகிவிட்டன, அவை இளமரங்களை முளையிலேயே தின்றுவிடுவதால் காடு புதிதாக வளர்வதில்லை, அவற்றைக் கொல்ல இங்கே வேறு விலங்கும் இல்லை என்று கொலின் விளக்கினார். பிறகு, "பழகலாம். பொறுமை வேண்டும். உங்கள் தொழிலில் அது ஏற்கெனவே வந்திருக்கும்" என்றார்.

வீட்டில்தான் சிக்கல். கணவர் பத்மநாதன் சமையலறைகள் பொருத்தும் வேலை செய்பவர். அமைதியான மனிதர். இலங்கையில் அவர் கண்ட துவக்குகள் எல்லாமே அவரை நோக்கி நீண்டவை. துவக்கு வைத்திருக்க அனுமதி கொடுப்பதற்கு முன்னர் வீட்டுக்கு வந்த பொலிஸ் அதிகாரி, துவக்கை வைக்கச் சுவரில் பூட்டிய இரும்புப் பெட்டியை ஆட்டிப் பார்த்துவிட்டுப் பத்மநாதனைத் தனியாகக் கூப்பிட்டு அபிப்பிராயம் கேட்டார்.

"எனக்கு இது விருப்பமில்லை. ஆனா அவவில எனக்கு ஒரு பயமும் இல்லை. அதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்" என்றார் பத்மநாதன்.

அதன்பிறகு அவர் அந்த இரும்புப் பெட்டி இருந்த அறைக்குள் போகவில்லை. ஆனால் துசியந்தி கொண்டுவந்த மான் இறைச்சியை மிளகும் சரக்குத்தூளும் போட்டுப் பிரட்டல் வைப்பதை மட்டும் வேறு ஒருவர் கையில் விடமாட்டார்.

அப்படியே சில ஆண்டுகள் நல்லபடி போயின. பிறகு துசியந்தியின் வலக்கண் மங்கத் தொடங்கியது. துவக்கின் மேல் பூட்டிய, குறிபார்க்கும் தொலைநோக்கியின் குறுக்குக் கோடுகள் நடுவில் நெளிவதுபோல இருந்தன. களைப்பு என்று நினைத்தார். அந்த ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, நன்றாகப் பக்கம் காட்டி நின்ற இளம் கிடாய் மான் ஒன்றைச் சுட்டார். குண்டு நெஞ்சில் படவில்லை, பின்னுக்குப் பட்டது. மான் ஓடிவிட்டது.

கொலின் தன் நாயோடு வந்தார். முள்ளுப் பற்றைகளுக்குள் இரத்தத் துளிகளைத் தேடித் தேடி மத்தியானம் வரை நடந்தார்கள். மான் உயிரோடுதான் கிடந்தது. கொலின்தான் அதை முடித்துவைத்தார். துசியந்தியை அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "கண்ணை வைத்தியரிடம் காட்டுங்கள்" என்று மட்டும் சொன்னார்.

கண் வைத்தியர் படமெடுத்துப் பார்த்தார். வலக்கண் விழித்திரையின் நடுவில் வடு விழுந்திருக்கிறது, கண்ணாடியால் திருத்த முடியாது என்றார். இடக்கண் கூர்மையாக இருந்தது, கார் ஓட்டுவதற்கும் ஓட்டிப் பழக்குவதற்கும் தடையில்லை. வலது தோளில் வைத்து வலக்கண்ணால் குறிபார்க்கும் துவக்கு மட்டும் இனிச் சரிவராது.

"அப்ப இதோட விடுவம்" என்றார் துசியந்தி வீட்டுக்கு வந்து. பத்மநாதனுக்கு அந்தச் சொல் எத்தனையோ நாள் கேட்க விரும்பிய சொல். ஆனால் கேட்டபோது சந்தோஷமாக இருக்கவில்லை. அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமைகளில் துசியந்தி விடியவே எழும்பி, போகும் இடமில்லாமல், அலுமாரிகளை ஒவ்வொன்றாகத் துப்புரவாக்கிக்கொண்டிருந்தார். கிறிஸ்மஸ் வருவதற்குள் வீட்டில் துப்புரவாக்க அலுமாரி மிச்சமில்லை.

"இஞ்சரும்" என்றார் பத்மநாதன் ஒருநாள் தேத்தண்ணியோடு வந்து. "இடக்கண் நல்லாத்தானே இருக்கு. அந்த மனிசனிட்ட ஒருக்காப் போய்க் கதைச்சுப் பாருமன்."

துசியந்தி அவரை நிமிர்ந்து பார்த்தார். "நீங்களோ சொல்லுறியள்?"

"நான்தான். அலுமாரியை விடும்."

கொலின் செய்தியைக் கேட்டதும் யோசிக்கவே இல்லை. இடது தோளுக்கு, துசியந்தியின் அளவுக்கு, புதிதாக ஒன்று கட்டலாம் என்றார். "இதுவரை நீங்கள் வைத்திருந்தது ஆறடி ஆணுக்குச் செய்தது. அதை வைத்து நீங்கள் இவ்வளவு காலம் சுட்டதே பெரிய விஷயம்." பொலிசின் அனுமதி மாற்றத்துக்கு எழுதிப்போட்டுவிட்டு, பாகங்களை நீங்களே யோசித்துத் தேர்ந்துகொண்டு வாருங்கள் என்று அனுப்பினார்.

யோசிக்க உதவிக்கு ஒருவர் இருந்தார். வட லண்டனின் எட்மண்டனில் வசிக்கும் நரசிம்மன். கோயம்புத்தூர்க்காரர், மென்பொருள் பொறியாளர், துசியந்தி பயிற்சிக்குப் போகும் சுடுகழகத்தின் உறுப்பினர். பிறந்ததிலிருந்து மரக்கறி மட்டும் சாப்பிடுபவர். கடதாசி இலக்கைத் தவிர வேறெதையும் அவர் சுட்டதில்லை, சுடப்போவதுமில்லை. ஆனால் குண்டு எந்த வேகத்தில் போய் எவ்வளவு தூரத்தில் எவ்வளவு இறங்கும் என்பதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அவர் மனைவி நிர்மலா தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டிவிடுவார்.

எட்மண்டன் வீட்டில் நிர்மலா அடை வார்த்துப் போட, நரசிம்மன் மடிக்கணினியைத் திறந்தார்.

"குழல் நீளமா இருக்கட்டும். இருபத்தாறு அங்குலம். நல்லா கனமா. அப்பதான் ஆடாம நிக்கும்."

"அண்ணை, நான் அதைத் தூக்கிக்கொண்டு பற்றைக்குள்ளால நடக்கோணும். ஏணியில ஏறோணும். பிறகு மானையும் இழுத்துக்கொண்டு வரோணும். பதினாறு அங்குலம் காணும்."

"பதினாறா?" நரசிம்மன் கண்ணாடியைக் கழற்றினார். "இங்க பாருங்க. நீங்க இறைச்சியில ஈயம் கலக்கக் கூடாதுன்னு ஈயக் குண்டை விட்டுட்டுச் செப்புக் குண்டுக்கு மாறப்போறேன்னு சொல்றீங்க. செப்பு கெட்டியான உலோகம். போதிய வேகம் இல்லேன்னா மானுக்குள்ள போய் விரியாது, துளைச்சிட்டு அப்படியே வெளிய போயிடும். மான் உடனே விழாது. குழலைக் குறைக்கக் குறைக்க வேகமும் குறையும்."

துசியந்தி அடையைப் பிய்த்த கையோடு திரையைப் பார்த்தார். ஐப்பசியில் பற்றைக்குள் கிடந்த கிடாய் நினைவுக்கு வந்தது. மான் உடனே விழவேண்டும் என்பதற்குத்தானே இவ்வளவும். "அதை நான் யோசிக்கேல்லை" என்றார். "அப்ப நடுவில ஒண்டு சொல்லுங்கோ."

இருபது அங்குலம் என்று முடிவானது. முனையில் சத்தம் குறைக்கும் குழாயைப் பூட்டினாலும் காட்டுக்குள் வளைந்து நடக்கலாம். தோட்டா ஆறரை மில்லிமீட்டர். பழையதைவிடத் தோளில் இடி குறைவு. இடி குறைந்தால் சுடும்போது கண்ணை இறுக்கி மூடும் பழக்கம் வராது என்று நரசிம்மன் சொன்னார். புதிய தோளுக்கு அது முக்கியம் என்று துசியந்தியும் ஒப்புக்கொண்டார்.

மற்றவற்றில் அவர்கள் ஒத்துப்போகவில்லை. திருகாணிகளால் எல்லாப் பக்கமும் நீட்டிக் குறைக்கக்கூடிய அலுமினிய உடல் ஒன்றின் படத்தை நரசிம்மன் காட்டினார். துசியந்தி சிரித்துவிட்டார்.

"உது ஆஸ்பத்திரியில கால் முறிஞ்ச ஆக்களைக் கட்டி வைக்கிற சாமான் மாதிரி இருக்கு அண்ணை."

"ஆனா துல்லியம்."

"குளிருக்குள்ள கன்னத்தில வைக்கேலாது. முள்ளுப் பட்டாலும் சத்தம் கேக்கும். எனக்கு மரம்தான்."

நரசிம்மன் தோல்வியை ஒப்புக்கொண்டு இன்னொரு அடை கேட்டார்.

மரம் தெரிவு செய்யக் கொலினின் பட்டறைக்குப் போன அன்று பத்மநாதனும் கூடவே வந்தார். பட்டறைக்குள் நுழைந்த பத்மநாதன் சுவரில் சாய்ந்திருந்த குழல்களின் பக்கம் திரும்பவில்லை. நேரே மூலையில் அடுக்கியிருந்த வால்நட் மரப் பலகைகளிடம் போய் நின்றார். அதுதான் அவருக்குத் தெரிந்த உலகம். ஒரு பலகையை எடுத்து முகர்ந்தார், விரலால் தட்டினார், வெளிச்சத்துக்குப் பிடித்தார்.

கொலின் அழகான பலகை ஒன்றை மேசையில் வைத்தார். புகை சுருள்வதுபோல் அதில் கறுப்பும் தேன்நிறமும் கலந்து ஓடின. துசியந்திக்கு அது உடனே பிடித்துப்போனது. பத்மநாதன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கைபிடிக்கிற மெல்லிய இடம் எதில வரும்?" என்று ஆங்கிலத்தில் கொலினைக் கேட்டார்.

கொலின் பென்சிலால் வரைந்து காட்டினார்.

"அந்த இடத்தில நார் குறுக்கே ஓடுது. விழுந்தால் அதிலதான் பிளக்கும்."

"உண்மை" என்றார் கொலின். "அதற்குள் ஓர் இரும்புக் கம்பி வைக்க நினைத்திருந்தேன். பலர் அழகைத்தான் பார்ப்பார்கள், நானும் அதைத்தான் முதலில் காட்டுவேன்."

இரண்டு பேரும் குனிந்து பலகைகளைப் பிரட்டத் தொடங்கினார்கள். துசியந்தி ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் எடுத்தது கோலமில்லாத, நேராக நார் ஓடிய, சாதாரணப் பழுப்புநிறப் பலகை. அது போதும் என்று துசியந்திக்கும் பட்டது.

பிறகு அளவு எடுக்க வேண்டும். அதற்குக் கொலினிடம் ஒரு மரச் சட்டம் இருந்தது. துவக்கின் வடிவம், ஆனால் குழலும் இல்லை, விசையும் இல்லை. நீளத்தையும் கன்னம் வைக்கும் இடத்தின் உயரத்தையும் மாற்றலாம். "முதலில் இதை உங்களுக்குச் சரிசெய்வோம். மற்றதெல்லாம் பிறகு" என்று கொலின் சொன்னபோது துசியந்திக்குச் சிரிப்பு வந்தது. ஒவ்வொரு நாளும் காருக்குள் அவர் சொல்லும் அதே பேச்சு.

இடது தோளில் தூக்கிவைத்தார். சரிவரவில்லை. எத்தனை தரம் வைத்தாலும் கழுத்து எங்கேயோ இழுத்தது. கொலின் நீளத்தைக் குறைத்தார், உயரத்தைக் கூட்டினார். அப்போதும் இல்லை.

ஓரமாக நின்ற பத்மநாதன், "கண்ணை மூடிக்கொண்டு ஒருக்காத் தூக்கும் பாப்பம்" என்றார்.

துசியந்தி மூடிக்கொண்டு தூக்கினார்.

"அப்பிடியே நில்லும். இப்ப வடிவா இருக்கு. ஆனா கண்ணைத் திறந்தாப்போல உம்மட தலை பழைய பக்கத்தைத் தேடிப் போகுது. மரத்தில பிழையில்லை. நீர்தான் இன்னும் மாறேல்லை."

கொலினுக்குத் தமிழ் விளங்கவில்லை. துசியந்தி மொழிபெயர்த்ததும் அவர் தலையாட்டினார். அந்த மரச் சட்டத்தையே அவர்களிடம் கொடுத்துவிட்டார். "வீட்டில் வைத்துப் பழகுங்கள். இடப்பக்கத்துப் போல்ட் உள்ள ஆக்ஷன் எப்படியும் உடனே கிடைக்காது." ஆக்ஷன் என்பது தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டிச் சுடும் இரும்பு உடல், துவக்கின் நெஞ்சு. போல்ட் அதை இயக்கும் பிடி. பழைய துவக்கின் ஆக்ஷனையே வைத்துக்கொண்டால் வேலை சீக்கிரம் முடியும் என்றும், ஆனால் அதன் போல்ட் வலப்பக்கம் இருப்பதால் ஒவ்வொரு முறையும் கையை மேலால் வளைத்து இழுக்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்.

"காத்திருக்கிறேன்" என்றார் துசியந்தி.

அப்படித்தான் ஒரு துவக்கின் உருவம் பத்மநாதனின் வரவேற்பறைக்குள் வந்தது. மரம் மட்டும்தான் என்பதால் அவர் அதைப் பொறுத்துக்கொண்டார். பின்னேரங்களில் துசியந்தி அதைத் தோளில் வைத்துச் சுவர்க் கலண்டரின் பிள்ளையாருக்குப் பக்கத்தில் இருந்த ஆணியைக் குறிபார்ப்பார். பத்மநாதன் சோபாவிலிருந்து, "தலை போகுது" என்பார். அல்லது, "ம், சரி" என்பார். மாரி போய் மரங்கள் துளிர்த்தன. "தலை போகுது" குறைந்து வந்தது.

கோடையில் கொலின் அழைத்தார். இடக்கைக்காரர் ஒருவர் விற்ற பழைய துவக்கிலிருந்து நல்ல ஆக்ஷன் கிடைத்துவிட்டது. மிச்சமிருந்தது விசையும் தொலைநோக்கியும். நரசிம்மன், தொட்டாலே சுடும் மெல்லிய விசை வேண்டும் என்றார். துசியந்தி மறுத்தார். "என்ர இடக்கை விரலுக்கு இன்னும் அறிவு வரேல்லை அண்ணை. கையுறையும் போட்டிருப்பன். கொஞ்சம் பாரமா இருக்கட்டும்." தொலைநோக்கி விஷயத்தில் நரசிம்மன் இரண்டு மூன்றைக் கழகத்திலிருந்து கடன் வாங்கி வந்தார். பத்மநாதனும் சேர மூவருமாக விடியற்காலையில் குட்மேய்ஸ் வீட்டுப் பின்வளவில் நின்று, பக்கத்துத் தோட்டத்து அப்பிள் மரத்தை ஒவ்வொன்றாலும் பார்த்தார்கள். பெரிதாக்கிக் காட்டியது அல்ல, மங்கல் வெளிச்சத்திலும் இலைகளைப் பிரித்துக் காட்டியதுதான் துசியந்திக்குப் பிடித்தது. நரசிம்மனும் அதையே தெரிவு செய்தார். இம்முறை இருவரும் வாதாடாமல் ஒத்துக்கொண்டதில் நரசிம்மனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

புரட்டாதியில் துவக்கு தயாரானது. சுடு திடலில் முதல் வெடிகள் இலக்கின் ஓரத்தில் சிதறின. துசியந்தி எழும்பி நடந்துவிட்டு வந்து மறுபடி இலக்கை நோக்கிக் குப்புறப் படுத்தார். கண்ணை மூடித் தோளில் வைத்து, பிறகு திறந்தார். குறுக்குக் கோடுகள் நெளியாமல் நேராக நின்றன. அடுத்து விழுந்த துளைகள் மூன்றும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. நரசிம்மன் தொலைநோக்கியால் பார்த்துவிட்டு, தன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பிறகு, "இருபத்தாறு அங்குலமா இருந்தா இன்னும் நல்லா வந்திருக்கும்" என்றார்.

பெண்மான்களைச் சுடும் பருவம் கார்த்திகையில் தொடங்கியது. முதல் சனிக்கிழமை பத்மநாதனே காரை ஓட்டினார். பண்ணைப் படலை வாசலில் நிறுத்திவிட்டுத் தேத்தண்ணிப் போத்தலோடு உள்ளேயே இருந்துகொண்டார். துசியந்தி தனியாக வயலோரமாக நடந்து, ஓக் மரத்தில் சாத்தியிருந்த ஏணி இருக்கையில் ஏறினார். துவக்கு பாரமாகத் தெரியவில்லை.

பனி விலகியபோது மான்கள் வந்தன. முன்னால் நின்றது நல்ல பெண்மான். ஆனால் அதற்கு நேர் பின்னால் இன்னொன்று நின்றது, குண்டு துளைத்துப் போனால் அதிலும் படும். துசியந்தி விசையில் விரல் வைக்கவில்லை. பின்னால் நின்றது மெல்ல மேய்ந்துகொண்டு விலகியது. முன்னால் நின்றது தலையைத் தூக்கிக் காற்றை முகர்ந்தது. அதன் முன்காலுக்குப் பின்னால், நெஞ்சின் மேல், கோடுகள் அசையாமல் நின்றன. சுட்டார். மான் நின்ற இடத்திலேயே மடிந்தது.

துசியந்தி சிறிது நேரம் ஏணியிலேயே இருந்தார். மனது இலகுவாக இருந்தது. இறங்கிப் போய், கொலின் செய்ததுபோல் மானின் கண்ணைத் தொட்டுப் பார்த்தார். பிறகு வயிற்றைக் கிழித்துக் குடலை எடுக்கும் வேலையை அங்கேயே முடித்தார். கயிறு கட்டும்போது பின்னால் காலடி கேட்டது. பத்மநாதன் சேற்றுக்குள்ளால் வந்துகொண்டிருந்தார்.

"வெடி கேட்டது" என்றார். "ஓடினதோ?"

"இல்லை. இருந்த இடத்திலயே."

பத்மநாதன் மானைப் பார்த்தார், பிறகு துசியந்தியின் தோளில் தொங்கிய துவக்கைப் பார்த்தார். அதன் மரத்தை மட்டும் பார்த்தார் என்றும் சொல்லலாம். "ஈரம் பட்டிட்டுது. எண்ணெய் பூசோணும்" என்றார். கயிற்றின் ஒரு முனையைக் கையில் சுற்றிக்கொண்டார். இருவருமாக இழுத்தார்கள். பாதி வழியில் மூச்சு வாங்க நின்றபோது, எந்தப் பங்கைப் பிரட்டல் வைப்பது, எதை வற்றல் போடுவது என்று பேசினார்கள்.

இப்போது துசியந்திக்கு ஐம்பது கடந்துவிட்டது. வலக்கண் அதற்குமேல் மோசமாகவில்லை. வாரநாட்களில் குட்மேய்ஸ் தெருக்களில் அவருடைய கார் மெதுவாக ஊர்கிறது, சனிக்கிழமைகளில் எசெக்ஸ் பக்கம் போகிறது. அந்த இரும்புப் பெட்டி இருக்கும் அறைக்குள் பத்மநாதன் இப்போதும் தானாகப் போவதில்லை. துவக்கைத் துப்புரவாக்கும் நாளில் துசியந்தி மரப்பிடியைக் கழற்றிச் சமையலறை மேசையில் வைப்பார். பத்மநாதன் பழந்துணியில் எண்ணெய் தொட்டுப் பொறுமையாகத் தேய்த்துக் கொடுப்பார்.

இறைச்சி பங்கிடும் நாட்களில் பக்கத்து வீட்டுக்கும் சாருஜாவுக்கும் கொலினுக்கும் பொதி போகும். நரசிம்மனுக்கு என்ன கொடுப்பது என்று துசியந்திக்கு வெகுநாள் யோசனையாக இருந்தது. கடைசியில், மூன்று துளைகளும் தொட்டுக்கொண்டிருந்த அந்தக் கடதாசி இலக்கைச் சட்டம் போட்டு எட்மண்டனுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். நரசிம்மன் அதை வரவேற்பறையில் மாட்ட வேண்டும் என்றார். நிர்மலா, கம்ப்யூட்டர் அறையில் மாட்டினால் போதும் என்றார். அது இப்போது கம்ப்யூட்டர் அறையில் இருக்கிறது.